தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்காதீர்கள்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். உதவித்தொகை கிடைத்து, வேளாண் விரிவாக்கத்தில் முதுகலை படிக்க ஹைதராபாத் ராஜேந்திரநகருக்கு வந்திருக்கிறேன். வகுப்புகள் ஆங்கிலத்தில்தான், அதில் பிரச்சினை இல்லை. கள ஆய்வுக்குக் கிராமங்களுக்குப் போகும்போதுதான் திண்டாட்டம். தெலுங்கு கதைக்க ஓரளவு வருகுது; எழுத்தைக் கண்டால் ஒண்டும் விளங்கேல்லை. விவசாயி ஒருவர் நிலப் பாஸ்புத்தகத்தை நீட்டினால் பக்கத்தில் நிற்கும் தோழியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுத்து அட்டவணை வாங்கி இரண்டு முறை தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். ஆனால் ஒரு கொப்பி நிறையத் தெலுங்குச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இப்படியே சமாளிக்க முடியாதா? எழுத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும் என்றால் எவ்வளவு காலம் பிடிக்கும்? வாசிக்க மட்டும் தெரிந்தால் போதாதா, எழுதவும் பழக வேண்டுமா?

பதில்: காலக்கணக்கை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தக் கொப்பி. இன்றிலிருந்து அதில் புதிதாக ஒரு சொல்லும் ஏற வேண்டாம். அட்டவணையை இரண்டு முறை பாதியில் விட்டது பெரிய குற்றமில்லை. பாதிப் பேர் அப்படித்தான் விடுகிறார்கள். கொப்பியை விடாமல் எழுதி வந்ததுதான் உங்களைப் பின்னுக்கு இழுத்திருக்கிறது.

பிற மொழிக்காரர்களுக்குத் தெலுங்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. மேல்நாட்டு மாணவர்கள் ரோமன் எழுத்தில் குறிப்பெடுப்பார்கள். அதில் குறில் நெடில் தொலையும், டகரமும் தகரமும் கலக்கும். குழப்பம் கண்ணுக்குத் தெரிவதால் சீக்கிரமே அலுத்துப்போய்த் தெலுங்கு எழுத்துக்கு வந்துவிடுவார்கள். நம் ஆட்கள் தமிழில் எழுதும்போது குறில் நெடில் சரியாக இருக்கும், ட த சரியாக இருக்கும், ண ள கூடச் சரியாக இருக்கும். எல்லாம் சரியாகத் தெரிவதால் அதை விடவே மனம் வராது. ஆனால் வேறொன்று, தொலைவதே தெரியாமல் தொலைந்துகொண்டிருக்கும்.

உங்கள் கொப்பியில் 'கோடி' என்று ஒரு சொல் இருக்கும். அது கோழியா, நூறு லட்சமா? கோழிக்கான தெலுங்குச் சொல்லில் வருவது நாம் 'ஓடு', 'வீடு' என்னும்போது வரும் மெலிந்த ட. நூறு லட்சத்துக்கான சொல்லில் வருவது 'பட்டு', 'தட்டு' என்பவற்றில் இருக்கும் வலிய ட, ஆனால் இரட்டிக்காமல் ஒற்றையாக. இது நம் வாய்க்கும் காதுக்கும் பழக்கமில்லாதது. தமிழில் சொல்லின் நடுவே வல்லினம் தனியாக வந்தால் மெலிந்துவிடும். வலித்து ஒலிக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். அதனால் தெலுங்குக்காரர் நூறு லட்சத்தைச் சொல்லும்போது தமிழ்க் காது அதைக் 'கோட்டி' என்று கேட்கும். உண்மையிலேயே இரட்டித்து, குறில் ஒகரத்தோடு வரும் 'கொட்டி' என்ற சொல் தெலுங்கில் தனியாக இருக்கிறது. 'அடித்து' என்று பொருள். தெலுங்கு எழுத்தில் இந்த மூன்றும் மூன்று விதமாக எழுதப்படும், குழப்பமே கிடையாது. தமிழ் எழுத்தில் முதல் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்தப் பதிலைத் தமிழ் எழுத்தில் எழுதும் எனக்கே 'வலிய ட', 'மெலிந்த ட' என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

மூக்கொலிக்குப் பின்னால் இன்னும் மோசம். தமிழில் ண் வந்தால் பின்னால் வரும் ட மெலிந்தே தீரும். தெலுங்கில் அப்படிக் கட்டாயம் இல்லை. பழம் என்பதற்கான 'பண்டு'வில் ட மெலியும். பயிர் என்பதற்கான 'பண்ட'வில் வலித்தே நிற்கும். உங்கள் படிப்பில் தினமும் புழங்கும் சொல் அது. நிலத்தை அளக்கும் 'குண்ட'வும் அப்படித்தான் (40 குண்ட ஒரு ஏக்கர்). நீங்கள் மெலித்துச் சொன்னாலும் எதிரில் நிற்பவருக்கு இடம்பார்த்து விளங்கிவிடும். எழுதினால் அந்தச் சலுகை கிடைக்காது.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பள்ளியில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். படித்திருந்தால் வலிய ககரத்துக்கு ஓர் எழுத்து, மெலிந்த ககரத்துக்கு இன்னோர் எழுத்து என்பது கைக்கு ஏற்கெனவே பழகிய விஷயம். தமிழ்நாட்டிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு இதுவே புதிது.

மற்றபடி, தெலுங்கு எழுத்து தமிழருக்கு அவ்வளவு கஷ்டமில்லை. எ ஏ, ஒ ஓ என்ற குறில் நெடில் வேறுபாடு அப்படியே இருக்கிறது. இந்திக்காரர்கள் அதில்தான் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். ல ள, ந ண வேறுபாடு உங்களிடம் உண்டு. தெலுங்கு பேசும் பிள்ளைகளில் பலரே ண வரும் இடத்தில் ந போடுவார்கள். ழ கிடையாது, ன கிடையாது. பழைய புத்தகங்களில் 'பண்டி ர' என்ற இன்னொரு ரகரம் வரும். இன்றைய எழுத்தில் அதற்கு வேலை இல்லை.

இன்னொரு பெரிய வசதி, தெலுங்கில் எழுத்து நடை பேச்சை ஒட்டியே இருக்கிறது. அதற்கு கிடுகு ராமமூர்த்தி என்பவருக்கு நன்றி சொல்ல வேண்டும். 1863-ல் பிறந்தவர். பண்டிதர் நடையான கிராந்திகத்தை விட்டுவிட்டு, மக்கள் பேசும் நடையிலேயே பாடப்புத்தகமும் பரீட்சையும் இருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டார். அவர் பிறந்த ஆகஸ்ட் 29-ஐத்தான் தெலுங்கு மொழி தினமாகக் கொண்டாடுகிறார்கள். தமிழ்ப் பத்திரிகை படிக்கும் ஒரு வெளிநாட்டவர் பேச்சுத் தமிழ் ஒன்று, எழுத்துத் தமிழ் ஒன்று என்று இரண்டு மொழி படிக்க வேண்டியிருக்கிறது அல்லவா? தெலுங்கில் அந்தத் தொல்லை குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை: பத்திரிகை நடை கிருஷ்ணா, குண்டூர், கோதாவரிப் பக்கத்துப் பேச்சை ஒட்டி வளர்ந்தது. நீங்கள் போகும் தெலங்கானா கிராமத்தில் 'ஏந்தி' என்பார்கள். பத்திரிகையில் 'ஏமிடி' என்று இருக்கும். காதில் விழுந்தது எழுத்தில் இல்லையே என்று பதற வேண்டாம்.

சரி, எழுத்துக்கு வருவோம். அட்டவணையை வரிசையாக முடிக்கப் பார்த்தது வீண் வேலை. ஐம்பத்தாறு எழுத்து என்பார்கள். அதில் பத்துக்கு மேல் நீங்கள் அடுத்த ஓராண்டில் பார்க்கவே போவதில்லை. நீங்கள் தினமும் கடக்கும் ஒரு பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்வோம்: ராஜேந்திரநகர்.

தெலுங்கில் இது ஆறு துண்டு. முதல் துண்டு 'ரா'. தெலுங்கு ர ஒரு வட்டம், தலையில் சரிவாக ஒரு சின்னக் குறி. அந்தக் குறிக்குத் 'தலகட்டு' என்று பெயர். அகர உயிர் அதில்தான் இருக்கிறது. இங்கே அகரம் இல்லை, ஆகாரம். அதனால் தலகட்டுக்குப் பதிலாகத் 'தீர்கம்' என்ற குறி வந்திருக்கும். இரண்டாவது 'ஜேம்'. இதில் ஜ-வின் தலையில் ஏகாரக் குறி, பக்கத்தில் ஒரு வெறும் வட்டம். வட்டத்தின் பெயர் 'சுன்ன', அதாவது பூஜ்ஜியம். இது ம் என்று ஒலிக்காது. அடுத்து தகர இனம் வருவதால் ந் என்று ஒலிக்கும். மூன்றாவது 'த்ர'. மெலிந்த த மேலே தலகட்டோடு நிற்க, அதன் அடியில் ரகரம் ஒரு வளைவாகத் தொங்கும். இப்படித் தொங்குகிறதை 'வத்து' என்பார்கள். அடுத்த இரண்டும் ந, க; சாதாரண எழுத்துகள். இந்த க மெலிந்த க. ஒரு வளைவு, மேலே தலகட்டு, அவ்வளவுதான். கடைசியில் ர், தலகட்டுக்குப் பதிலாகப் 'பொல்லு' என்ற குறியோடு. நம்முடைய புள்ளியின் வேலையைத்தான் பொல்லு செய்கிறது. ஆனால் தெலுங்கில் பெரும்பாலும் இந்த மாதிரி ஊர்ப்பெயர், ஆங்கிலச் சொல் இவற்றின் கடைசியில் மட்டும் எட்டிப் பார்க்கும். தெலுங்கின் சொந்தச் சொற்கள் உயிரிலோ சுன்னவிலோ முடிகிறவை.

ஒரு பலகையில் தீர்கம், ஏகாரக் குறி, சுன்ன, வத்து, பொல்லு எல்லாம் வந்துவிட்டன. பத்து நாள் இதை மட்டும் பார்த்து எழுதினாலும் அட்டவணையின் பாதி நோக்கம் நிறைவேறிவிடும். அடுத்த பலகைகள் தாமாக விழும்: மெஹதிபட்ணம், சம்ஷாபாத், சிகிந்திராபாத். குறிகளின் பெயர்களை மட்டும் தெலுங்கிலேயே மனப்பாடம் செய்யுங்கள். இங்கே பிள்ளைகள் 'ககு தலகட்டிஸ்தே க, ககு தீர்கமிஸ்தே கா, ககு குடிஸ்தே கி' என்று ராகம் போட்டுச் சொல்லிப் படிப்பார்கள். உங்கள் தோழியிடம் சந்தேகம் கேட்கும்போது 'மேலே அந்த வளைசல்' என்று சொல்லாமல் 'குடி', 'கொம்மு' என்று கேட்கலாம். இகரக் குறி குடி, உகரக் குறி கொம்மு.

சுன்ன பற்றி இன்னொன்று. நாம் ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப என்று ஐந்து மெய்களை மாற்றி மாற்றி எழுதுகிறோம். தெலுங்கில் ஐந்துக்கும் ஒரே வட்டம். பாஸ்புத்தகத்தில் 'மண்டலம்' என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சொல்லில் இரண்டு வட்டம் இருக்கும். முதலாவது ண், இரண்டாவது ம். அடுத்த எழுத்தைப் பார்த்து ஒலியை முடிவு செய்ய வேண்டும், தமிழ் வாய்க்கு அது தானாகவே வந்துவிடும். இதில் நீங்கள் தெலுங்குக்காரர்களுக்குச் சமம்.

அந்தப் பாஸ்புத்தகம்தான் உங்களுக்கு ஏற்ற முதல் பாடப்புத்தகம் என்பேன். எல்லாரிடமும் ஒரே வடிவம், தெளிவான அச்சு, வரிசை மாறாது. பட்டாதாரர் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கிராமம், மண்டலம், சர்வே நம்பர், ஏக்கர், குண்ட. எந்த இடத்தில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டால் எழுத்து தன்னால் அடையாளம் தெரிய ஆரம்பிக்கும். அனுமதி கேட்டு ஒன்றைப் பார்த்து, தலைப்புகளை மட்டும் கையால் பெயர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆளின் பெயரையும் நில விவரத்தையும் படம் எடுக்க வேண்டாம், அது அவர்கள் சொத்து விவகாரம்.

இனி, தமிழர் எல்லாரும் வந்து முட்டிக்கொள்ளும் இடம்: வத்து. பருத்திக்குத் தெலுங்கில் 'பத்தி'. இதைத் தமிழில் ப, த், தி என்று மூன்று எழுத்தாக, இடமிருந்து வலமாக எழுதுவோம். தெலுங்கில் இரண்டே துண்டு. முதல் துண்டு ப. இரண்டாவது துண்டில் ஒரு த, அதன் தலையில் குடி, அடியில் இன்னொரு தகரத்தின் வத்து. தலையில் குடியைப் பார்த்ததும் தமிழ்க் கண் அவசரப்பட்டுத் 'தி' என்று படித்துவிடும். அப்புறம் கீழே தொங்குவதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் 'பதித' என்று இழுக்கும். படிக்க வேண்டிய வரிசை மேல் எழுத்து, கீழ் வத்து, கடைசியாக மேலே இருக்கும் உயிர்க்குறி. கண் மேலிருந்து கீழே இறங்கி மறுபடி மேலே ஏற வேண்டும். கேட்க விசித்திரமாக இருக்கும், இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

உரக்கடைப் பலகையில் 'பர்டிலைஜர்ஸ்' என்று தெலுங்கில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ர்டி என்ற துண்டில் குடி ரகரத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும், டகரம் அடியில் தொங்கும். உயிர் டகரத்துக்குச் சொந்தம், இருப்பது ரகரத்தின் தலையில். கடைசித் துண்டில் ர், அதன் அடியில் ஸ வத்து, தலையில் பொல்லு. ஆங்கிலச் சொல் என்பதால் விடை உங்களுக்கு முன்பே தெரியும். அதனால்தான் கடைப் பலகைகள் நல்ல பயிற்சி. ஹைதராபாத் பலகைகளில் பாதிக்கு மேல் தெலுங்கு உடையில் ஆங்கிலம்தான். 'பேங்க்' என்பதை ப-வுக்கு ய வத்து கொடுத்து 'ப்யாங்க்' போல எழுதுவார்கள். அதைக் கண்டு மிரள வேண்டாம்.

வத்துகளில் பெரும்பாலானவை அந்தந்த எழுத்தே தலகட்டு இல்லாமல் கீழே இறங்கியதுதான். உருவம் அடையாளம் தெரியாமல் மாறுகிறவை சில: க, த, ந, ம, ய, ர, ல. இவற்றுக்கு அட்டவணை தேவையில்லை. அம்ம, அக்க, அன்ன, அத்த, இல்லு என்று ஐந்து சொல் எழுதினால் ஐந்து வத்து வந்துவிட்டது. அத்த என்றால் மாமி, இல்லு என்றால் வீடு. மற்ற மூன்றுக்கும் பொருள் சொல்லத் தேவையே இல்லை. மீதி ய, ர இரண்டும் ஆங்கிலச் சொற்களில் தினமும் கண்ணில் படும்.

இந்த மேல்-கீழ் குழப்பத்துக்குக் கைபேசி நல்ல மருந்து. தெலுங்கு விசைப்பலகையை நிறுவி 'பத்தி' என்று தட்டிப் பாருங்கள். ப, த, பொல்லு, த, குடி என்ற வரிசையில்தான் தட்ட வேண்டும். ஒலிக்கிற வரிசையும் அதுதான். பொல்லுவுக்குப் பின் இரண்டாவது தகரத்தைத் தட்டியதும் அது சட்டென்று கீழே இறங்கி வத்தாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆங்கில எழுத்தில் தட்டினால் தெலுங்காக மாற்றித் தரும் வசதியை மட்டும் தொடாதீர்கள். நீங்கள் வலிய ட-வா மெலிந்த ட-வா என்று யோசிக்கும் முன்பே அது சரியான சொல்லை எடுத்து நீட்டிவிடும். உங்கள் தோழிகள் எல்லாரும் அப்படித்தான் தட்டுகிறார்கள் என்பது தெரியும். அவர்களுக்குச் சொல் தெரியும்.

வாசிக்க மட்டும் தெரிந்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வேலைக்குப் போதும். ஆனால் வாசிப்பதற்காகவே எழுத வேண்டும் என்பது என் கட்சி. கண்ணால் மட்டும் படிக்கிற தமிழர் வலிய எழுத்தையும் மெலிந்த எழுத்தையும் ஒன்றாகவே படித்துக்கொண்டு போய்விடுவார். யாரும் தடுக்க மாட்டார்கள், அவருக்கும் தெரியாது. சொல்லக் கேட்டு எழுதும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அதற்கு விடுதி அறைத்தோழி போதும். இரவில் பத்துச் சொல் சொல்லச் சொல்லுங்கள். சும்மா அகராதிச் சொற்கள் வேண்டாம். தமிழ்க் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கிற ஜோடிகளைக் கலந்து சொல்லட்டும். இலைக்கும் 'நில்' என்பதற்கும் தமிழில் எழுதினால் 'ஆகு'தான். முதலாவதில் வலிய க, இரண்டாவதில் மெலிந்த க. மகிழுந்துக்கும் மரியாதைக்குப் பெயரோடு சேர்க்கும் சொல்லுக்கும் 'காரு'தான்; வண்டிக்கு வலிய க, மரியாதைக்கு மெலிந்த க. விளையாட்டும் 'பெண்' என்ற அடைமொழியும் 'ஆட'. கோடி இருக்கவே இருக்கிறது. எழுதி முடித்ததும் "சரியா?" என்று கேட்காதீர்கள். நல்ல மனசுக்காரத் தோழி "சரிதான், விளங்குது" என்று சொல்லிவிடுவார். தாளைக் கொடுத்து, எழுதியிருப்பதை அப்படியே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். இலை என்று நினைத்து நீங்கள் எழுதியதை அவர் 'நில்' என்று படித்தால், வேறு விளக்கம் தேவையில்லை. இரண்டு பேருக்கும் சிரிப்பும் மிச்சம்.

முதல் சில வாரங்களில் நான் திருத்தவே திருத்தாத பிழைகளும் உண்டு. தெலுங்கில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்து; அதில் இரண்டு, மூச்சை அழுத்திச் சொல்லும் சமஸ்கிருத ஒலிகள். நிலத்துக்கான 'பூமி', கணக்குக்கான 'காதா' போன்றவற்றில் வரும். பலவற்றில் சாதாரண எழுத்தின் அடியில் ஒரு சின்னக் கோடு போட்டு அதைக் காட்டுவார்கள். பேச்சில் தெலுங்குக்காரர்களே பலர் அழுத்துவதில்லை. படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். எழுதும்போது கோடு விட்டுப்போனால் போகட்டும். வலிய மெலிந்த வேறுபாடு தவறினால் சொல்லே மாறிவிடும். கோடு விட்டுப்போனால் பெரும்பாலும் எழுத்துப்பிழை, அவ்வளவுதான்.

உருவத்தில் குழப்புகிற எழுத்துகளைப் பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள். ப, ஷ, ஸ, ஹ ஒரே குடும்பம். ம என்ற எழுத்தும் 'வு' என்ற எழுத்தும் முதல் பார்வையில் இரட்டைப் பிறவி மாதிரி இருக்கும். இதெல்லாம் சொல்லோடு படித்தால் பத்து நாளில் பிரிந்துவிடும். தனித்தனி எழுத்தாக உட்கார்ந்து உருப்போட்டால்தான் குழப்பம் நீடிக்கும்.

என்ன படிப்பது? புத்தகக் கடைக்குப் போனால் 'பெத்த பாலசிக்ஷ'யைத் தூக்கிக் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கான தடித்த பாடப்புத்தகம், தெலுங்கு வீடுகளில் அதற்கு மரியாதை அதிகம். உங்களுக்கு இப்போது வேண்டாம். உங்கள் துறையிலேயே அருமையான இருமொழிப் பாடம் ஒன்று குப்பையில் கிடக்கிறது: பூச்சிமருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாள். வட்டார மொழிகளிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. ஒரே தாளில் ஆங்கிலம், தெலுங்கு, பல சமயம் தமிழும் இருக்கும். என்ன பயிர், என்ன பூச்சி, ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை நாள் கழித்து அறுவடை, விஷம் உள்ளே போனால் என்ன செய்வது என்று ஒரே வாசகம் மூன்று மொழியில். எழுத்து பொடியாக இருக்கும், கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

கதையும் வேண்டும் என்றால் ப்ரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே சிறுவர் கதை தெலுங்கிலும் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கும், படிநிலை போட்டே வைத்திருக்கிறார்கள். வீட்டில் பழைய அம்புலிமாமா படித்தவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1947-ல் சென்னையிலிருந்து அது தெலுங்கில் சந்தமாமாவாகவும் தமிழில் அம்புலிமாமாவாகவும் சேர்ந்தே தொடங்கியது. பழைய இதழ்கள் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

அகராதி விஷயத்தில் கொஞ்சம் கவனம். தெலுங்கு படித்த அயல்நாட்டவர்களில் பெயர் பெற்றவர் சார்லஸ் பிலிப் பிரவுன். 1817-ல் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்குச் சென்னை வந்து, 1820-ல் கடப்பைக்கு மாற்றலாகிப் போனவர். ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி, பண்டிதர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் படி எடுக்க வைத்து, தெலுங்குக் கவிஞர் வேமனரின் பாடல்களை 1829-ல் அச்சில் கொண்டுவந்தார். அவருடைய தெலுங்கு-ஆங்கில அகராதி 1852-ல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் அதை இலவசமாகத் தேடலாம். அருமையான அகராதி, ஆனால் அதில் எழுத்துமுறை பழையது. அரை வட்டமாக வரும் அரசுன்ன, நான் முன்பு சொன்ன பண்டி ர எல்லாம் அதில் உண்டு. பத்திரிகையில் பார்த்த சொல்லை அப்படியே தேடினால் சில சமயம் அகப்படாது. அதே இடத்தில் க்வின் என்பவர் தொகுத்த 1991-ஆம் ஆண்டு அகராதியும் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள், அங்கே இல்லாவிட்டால் பிரவுனிடம் போங்கள்.

காலக்கணக்கு கேட்டீர்கள். தினமும் அரைமணி நேரம், அதில் பாதி கேட்டெழுதுவது என்று வைத்துக்கொண்டால், தமிழ் தெரிந்த ஒருவர் பொதுவாக ஒன்றரை மாதத்தில் பலகைகளையும் பாஸ்புத்தகத்தையும் தட்டுத்தடுமாறிப் படித்துவிடுவார். பத்திரிகைத் தலைப்புகளுக்கு மூன்று நான்கு மாதம். அதற்குமேல் தடுக்குவது எழுத்தாக இருக்காது, சொல்வளமாகத்தான் இருக்கும். பழைய கொப்பியைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் தோழியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் அவர் வாயால் சொல்லக் கேட்டு, தெலுங்கு எழுத்துக்கு மாற்றுங்கள். எத்தனை சொல்லில் நீங்கள் நினைத்திருந்த ஒலி வேறாக இருக்கிறது என்று அப்போது தெரியும்.

உங்கள் பெயரில் ழகரம் இருந்தால் தெலுங்கில் ள போட்டு எழுதிக்கொள்ளுங்கள், இங்கே எல்லாத் தமிழ்ப் பெயருக்கும் அதுதான் கதி.

கையெழுத்தைப் படிப்பது மட்டும் தனி வித்தை. அச்சுத் தெலுங்கு நன்றாக வந்த பிறகும் அது சில மாதம் ஆட்டம் காட்டும், தலகட்டும் குடியும் அவசரத்தில் ஒன்றாகிவிடும். உரக்கடைக்காரர் கிறுக்கிக் கொடுத்த சீட்டை விவசாயி காட்டினால், படிக்க முடியவில்லையே என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். உங்கள் தோழிக்கும் அது விளங்காது. கடைக்கே போய்க் கேட்டுவிடுங்கள்.